சாலைச் சாவுகளும் மாநிலத் திட்டமும்: ஒரு புள்ளியியல் பார்வை

திருவாரூர் வீதியில் இளவரசன் செலுத்திய தேர்க்காலில் பசுங்கன்று ஒன்று சிக்கி இறந்த கதையைத் தொடக்கப் பள்ளியிலேயே நாம் அனைவரும் படித்திருக்கிறோம். தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும், மனுநீதிச் சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டதும் தமிழரின் நீதிக்குச் சான்றாக இன்றும் மேடைதோறும் பேசப்படுகின்றன. நான் இலக்கியம் பயின்றவன் அல்லன்; இக்கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன். ஆகவே அக்கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறு சில ஐயங்கள் எழுவதுண்டு. அந்த வீதியில் தேர்கள் என்ன வேகத்தில் ஓடின? கன்றுகள் வழக்கமாக எந்த இடத்தில் வீதியைக் கடந்தன? ஓராண்டில் எத்தனை கன்றுகள் இறந்தன? கதை இவற்றைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை. தவறு செய்தவன் யார், அவனுக்கு என்ன தண்டனை என்பது நீதியின் கேள்வி. அடுத்த கன்று இறவாதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது திட்டத்தின் கேள்வி. சாலை விபத்துகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம். இரண்டாவது கேள்வியைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டிய காரணம் இன்னொன்றும் உண்டு. சென்ற கல்வியாண்டில் எங்கள் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், நூலகத்தில் இருந்துவிட்டு மாலை ஆறே கால் மணிக்கு ஊருக்குப் புறப்பட்டவன், கல்லூரி வாயிலுக்கு எதிரே நாற்கரச் சாலையைக் கடக்கையில் காரில் அடிபட்டான். காரை ஓட்டியவர் ஓடிப்போகவில்லை. அவரே 108-ஐ அழைத்தார், மருத்துவமனைக்கும் வந்தார், இரவு முழுவதும் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். "எண்பதில்தான் வந்தேன் சார்" என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. மறுநாள் நாளிதழில் 'கல்லூரி மாணவர் படுகாயம்' என்று நான்கு வரிச் செய்தி வந்தது. வேறு மாவட்டத்துப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட அவன் ஒன்பதாம் நாள் காலமானான். அந்தச் செய்தி எந்த நாளிதழிலும் வரவில்லை. பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவன் தாயார் கேட்டுக்கொண்டதால் இங்கும் எழுதவில்லை. துக்கம் ஒருபுறமிருக்க, புள்ளியியல் ஆசிரியனாகிய எனக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஓராண்டுக் கணக்கில் அவன் எந்தப் பத்தியில் இருக்கிறான்? காயமுற்றோர் பத்தியிலா, இறந்தோர் பத்தியிலா?

எண்ணிக்கையும் அதன் பொருளும்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் தொகுப்பின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். 2023-இல் 1,72,890 பேர். தமிழ்நாட்டில் 2022-இல் 64,105 விபத்துகள் நேர்ந்தன. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அவ்வாண்டு இங்கு இறந்தவர்கள் 17,884 பேர். இதில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். 2023-இல் இறந்தோர் 18,347 பேர். இதை 365-ஆல் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 50 பேர், ஏறக்குறைய ஒரு டவுன் பஸ்ஸின் இருக்கைகள் நிறைய ஆட்கள். ஒரே பேருந்து கவிழ்ந்து 50 பேர் இறந்தால் மாநிலமே துடிக்கிறது. ஆனால் அதே 50 பேர் 38 மாவட்டங்களிலும் ஒருவர் இருவராகச் சிதறி இறப்பதால் அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் குவித்துக் காட்டுவதுதான் புள்ளியியலின் பணி. மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியே முயலாமல் மாநிலம் முழுவதற்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பதற்கும் முதல் காரணம் இதுவே.

இங்கே என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் காலத்தொடர் வரிசை பற்றிய பாடம் நடத்துகையில், தமிழ்நாட்டுச் சாலைச் சாவுகளின் எண்ணிக்கையையே எடுத்துக்காட்டாகக் கொண்டேன். அன்று அச்சில் இருந்த எண்கள் இவை: 2016-இல் 17,218, 2017-இல் 16,157, 2018-இல் 12,216, 2019-இல் 10,525, 2020-இல் 8,060. கரும்பலகையில் வரைந்தால் மலையிலிருந்து இறங்கும் பாதை போலக் கோடு அழகாகக் கீழே வரும். நாட்டுக்கே முன்மாதிரி என்று பலரும் எடுத்துக்காட்டிய கோடு அது. நானும் பெருமையோடு காட்டினேன். பருவத் தேர்வில் ஒரு வினாவும் அமைத்தேன். பின்னர் வெளிவந்த மத்திய அரசின் தொகுப்புகளில் அதே ஆண்டுகளுக்கு வேறு எண்கள் இருந்தன. 2019-க்கு 18,129, 2020-க்கு 14,527. அதாவது 2019-இல் முன்பு அச்சான எண்ணுக்கும் பின்பு திருத்தப்பட்ட எண்ணுக்கும் இடையே 7,604 மனிதர்கள். 2020-இன் குறைவும் ஊரடங்கில் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்த ஆண்டின் குறைவு.

அந்தக் கோட்டை நான் அடுத்த ஆண்டு வகுப்பில் அழித்தேன். திருத்தப்பட்ட எண்களையும் 2016-இன் பழைய எண்ணையும் ஒரே கோட்டில் இணைப்பதும் முறையன்று. இரண்டும் ஒரே விதமாக எண்ணப்பட்டவை அல்ல. அவ்வாண்டுகளில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஆம்புலன்ஸ்கள் கூடியதும், காவல் துறையின் சோதனைகள் பெருகியதும், விபத்துச் சிகிச்சைப் பிரிவுகள் வந்ததும் உண்மையே. ஆயின் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கக் காய்ச்சலை அளக்க வேண்டும்; காய்ச்சல்மானியே பழுதானால் மருத்துவர் என்ன செய்வார்?

பிழை எந்த வாயில் வழியாக நுழைகிறது என்பதை என் மாணவனின் நிகழ்ச்சியைக் கொண்டே விளக்கலாம். விபத்து நடந்த அன்று முதல் தகவல் அறிக்கை பதியப்படுகிறது. அப்போது அடிபட்டவர் உயிரோடிருக்கிறார். எனவே அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டிக் காயம் விளைவித்ததற்கான பிரிவு போடப்படும். அவர் பின்னர் இறந்தால் மருத்துவமனையிலிருந்து தகவல் புறக்காவல் நிலையத்துக்கும், அங்கிருந்து விபத்து நடந்த எல்லையின் நிலையத்துக்கும் செல்ல வேண்டும். பிறகு பிரிவு மாற்றப்பட வேண்டும். 2024 ஜூன் வரை அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-அ. அவ்வாண்டு ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106. நீதிமன்றத்துக்கான கோப்பில் பிரிவு மாறிவிடும். ஆனால் மாதாந்திர விவர அறிக்கை அதற்குள் மேலே போய்ச் சேர்ந்திருக்கும். அதில் 'காயம் 1' என்று இருப்பதை 'இறப்பு 1' என்று திருத்தி மீண்டும் அனுப்பினால்தான் உண்டு. ஒரு கை அதைச் செய்ய மறந்தால், இறந்தவர் காகிதத்தில் உயிரோடிருப்பார். விபத்து நடந்த 30 நாட்களுக்குள் இறந்தால் அது சாலைச் சாவாகவே எண்ணப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட வரையறை. நம் நாட்டுப் படிவமும் அதையே பின்பற்றுகிறது. வரையறை புத்தகத்தில் இருந்தால் போதாது. மருத்துவமனையும் காவல் நிலையமும் ஒன்றோடொன்று பேச வேண்டும்.

2021 முதல் நடைமுறைக்கு வந்த 'ஐராட்' எனும் ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத் தொகுப்பு இந்தக் குறையை நீக்க எழுந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கப்பட்ட இதில், காவலர் விபத்து நடந்த இடத்தில் நின்றுகொண்டே கைப்பேசியில் இடக்குறியீட்டையும் படங்களையும் பதிகிறார். அதே பதிவில் போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரத் துறைகளும் தத்தம் விவரங்களைச் சேர்க்கலாம். 'அரசமரத்துக்குக் கிழக்கே இரண்டு பர்லாங்' என்று எழுதிய காலம் போய், எந்த மீட்டரில் விபத்து நேர்ந்தது என்று சொல்லும் காலம் வந்திருக்கிறது. இதைப் புள்ளியியல் மாணவர்கள் ஊன்றிக் கவனித்தல் நலம். நாளை இத்துறைகளில் உங்களுக்கே வேலை காத்திருக்கலாம்.

காயமுற்றோர் கணக்கு இன்னும் மங்கலானது. எலும்பு முறிவும், பார்வை இழப்பும் சட்டத்தில் 'கொடுங்காயம்'. பழைய சட்டத்தில், 20 நாட்கள் கடும் வேதனையில் இருந்தாலோ தன் அன்றாட அலுவலைச் செய்ய இயலாமற் போனாலோ அதுவும் கொடுங்காயம். புதிய சட்டத்தில் அந்த நாட்கள் 15 ஆகக் குறைந்துள்ளன. பதினாறாம் நாள் என்ன ஆனார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. எங்கள் கல்லூரி உணவகத்தில் இட்லி ஊற்றுபவர் காலில் இரும்புக் கம்பியோடு ஆறு ஆண்டுகளாக நிற்கிறார். அடுப்பருகே நின்றால் கம்பி சூடேறுவது போலிருக்கிறது என்பார். அவரும் ஒரு பழைய ஆண்டின் கணக்கில் 'காயம் 1' தான்.

யாருடைய சாலை?

நம் மாநிலத்தில் ஒருவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை எடுத்தால் முதலில் ஊராட்சிச் சாலை. பிறகு மாவட்டச் சாலை. அதன்பின் மாநில நெடுஞ்சாலை. இறுதியில் தேசிய நெடுஞ்சாலை. பத்து நிமிடத்தில் நான்கு உரிமையாளர்களின் நிலத்தில் அவர் பயணம் செய்கிறார். விபத்துகளில் பலவும் ஒரு சாலை மற்றொன்றில் சேரும் மூலையில் நிகழ்கின்றன. அங்கேதான் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு முடிந்து மற்றொன்றின் பொறுப்பு தொடங்குகிறது. எங்கள் கல்லூரி வாயிலையே பாருங்கள். நாற்கரச் சாலையும் நடுத்திட்டும் ஓர் அமைப்புக்கு உரியவை. எதிர்ப்புறம் வந்து சேரும் தார்ச்சாலை ஊராட்சியினுடையது. நிழற்குடை கட்டியது வேறொருவர் நிதியில். பேருந்து எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் வேறு. விளக்குக் கம்பத்துக்கு மின் கட்டணம் யார் கட்டுவது என்பதில் முடிவு ஏற்படாததால் அவ்விடம் பல ஆண்டுகள் இருட்டாகவே கிடந்தது. இவர்களில் எவரும் தம் கடமையைச் செய்யாதவர் அல்லர். அவரவர் எல்லைக்குள் எல்லாம் சரியாகவே இருந்தது. எல்லைகளுக்கு நடுவில்தான் என் மாணவன் நின்றிருந்தான்.

இந்த நடுவிடத்தை ஒருவர் பொறுப்பில் கொண்டுவருவதே மாநிலத் திட்டத்தின் உயிர்நாடி எனலாம். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் தன் விபத்துத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டு, சாலைச் சாவையும் கொடுங்காயத்தையும் குறைக்கும் திட்டமொன்றை எழுதியாக வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில் இதற்கு வழிவகுத்தவர் ஒரு தமிழ்நாட்டு மருத்துவர் என்பது பலர் அறியாத செய்தி. கோவையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நாள்தோறும் தம் மேசைக்கு வரும் நொறுங்கிய உடல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், அவை வந்துகொண்டே இருப்பது ஏன் என்று கேட்டதாக நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 2014-இல் நீதிபதி கே. எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 அன்று நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணைகள் பிறப்பித்தது. மாநிலத்துக்கு ஒரு சாலைப் பாதுகாப்புக் கொள்கை, அதை நடத்த ஒரு தலைமை அமைப்பு, தனி நிதி, செயல் திட்டம், மாவட்டந்தோறும் ஒரு குழு, விபத்துச் சிகிச்சை மையங்கள் என்று அவ்வாணைகள் விரிந்து செல்கின்றன. மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர் தலைவர். காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதார அலுவலர்கள் ஒரே மேசையில் அமர வேண்டும். 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. சாலையை வடிவமைத்தவரோ, கட்டியவரோ, பராமரிப்பவரோ உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் சாவு நேர்ந்தால் அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்று 198-ஏ பிரிவு கூறுகிறது. தொகை சிறிது, ஆனால் ஓட்டியவன் மட்டுமே குற்றவாளி என்ற நெடுங்காலக் கருத்தில் அது ஒரு விரிசல்.

விபத்து மிகுந்த இடங்களைக் கரும்புள்ளி என்கிறார்கள். சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் சாவோ கொடுங்காயமோ விளைந்த விபத்துகள் ஐந்து, அல்லது சாவுகள் பத்து என்பது தேசிய நெடுஞ்சாலைகளுக்கான இலக்கணம். இவ்விடங்களைத் தேடிச் சரிசெய்வது நல்ல முறைதான். எனினும் இதில் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட இயலவில்லை. ஒன்று, நான்கு விபத்து நடந்த இடம் ஐந்தாவதற்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. மற்றொன்று நம் பாடத்தைச் சேர்ந்தது. ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பத்து மாணவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களுக்கு எதுவும் கற்பிக்காமல் விட்டாலும் அடுத்த தேர்வில் அவர்களின் சராசரி சற்று ஏறும். ஏனெனில் அவர்களில் சிலர் அன்று தலைவலியோடு எழுதியவர்கள். அதுபோலவே, ஓராண்டு தற்செயலாகக் கூடுதல் விபத்து நேர்ந்த இடத்தில் ஒன்றும் செய்யாவிட்டாலும் மறு ஆண்டு எண்ணிக்கை குறையக்கூடும். சராசரி நோக்கித் திரும்புதல் என்று நாம் படிக்கும் விதி இதுதான். பலகை வைத்தோம், விபத்து பாதியாயிற்று என்று எவரேனும் கூறினால், பலகை வைக்காத ஒத்த இடங்களில் என்ன ஆயிற்று என்று கேட்டுப் பழகுங்கள்.

எண்பதில் வந்த கார்

அந்தக் கார்க்காரரின் வாக்கை நான் மறக்கவில்லை. மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி நடுத்திட்டு உள்ள நாற்கரச் சாலையில் காருக்கு உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். எண்பதில் வந்தவர் சட்டத்தை மீறவில்லை. சரி, அவர் அறுபதில் வந்திருந்தால்? இதை வகுப்பில் கணக்காகவே போட்டோம்.

எதிரே ஓர் ஆள் நிற்பதைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அடைய ஒன்றரை விநாடி என்று கொள்வோம். அறுபது கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர், பிரேக்கில் கால் படுமுன்னரே வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்று கொண்டால், நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக 45 மீட்டரில் வண்டி நின்றுவிடும். எண்பதில் வருவது விநாடிக்கு 22.2 மீட்டர். பிரேக் தொடுமுன் 33 மீட்டர் போய்விடும். நிற்க மேலும் 35 மீட்டர். மொத்தம் 68 அல்லது 69 மீட்டர். இனி 45-ஆவது மீட்டரில் ஒரு மாணவன் நிற்கிறான் என்று வையுங்கள். அறுபதில் வந்த வண்டி அவன் முன்னே நின்றுவிடுகிறது. அவன் திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். எண்பதில் வந்த வண்டி அவ்விடத்தை அடையும்போது அதன் வேகம் என்ன? வகுப்பில் பலரும் இருபது என்றார்கள். இருபது கிலோமீட்டர் அதிகமாக வந்ததால் இருபதில் மோதும் என்று மனம் கணக்கிடுகிறது. விடை 65 கிலோமீட்டருக்கும் சற்று மேல். வேகத்தின் வர்க்கம் அங்கே வேலை செய்கிறது. விடையைக் கண்டுபிடித்த மாணவி சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் தன் இடத்தில் போய் அமர்ந்தாள். அவள் அவனுடைய வகுப்புத் தோழி. நடந்து செல்பவர் மீது கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதைவிட 65-இல் மோதினால் சாகும் அபாயம் நான்கரை மடங்கு என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு.

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட கொள்கையின் சாரம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது. மனிதன் தவறு செய்யத்தான் செய்வான். அத்தவறுக்குத் தண்டனை சாவாக இருக்கலாகாது. ஆகவே ஆட்கள் குறுக்கே நடக்கும் இடத்தில் உடல் தாங்கக்கூடிய வேகம் மட்டுமே இருக்குமாறு சாலை அமைய வேண்டும் என்பது அது. அங்கே மூன்று தடச் சாலைகளின் நடுவே இரும்புக் கயிற்றுத் தடுப்புக் கட்டி, நேருக்கு நேர் மோதுவதையே இயலாததாக்கினார்கள். ஓட்டுநரை நல்லவராக்கிவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று காத்திருக்கவில்லை. நம் ஊரில் இதை அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. நம் நாற்கரச் சாலையில் மாட்டு வண்டியும், எதிர்த்திசையில் வரும் மொபெட்டும், நடுத்திட்டில் ஆடு மேய்ப்பவரும் உண்டு. ஆயினும் கேள்வி ஒன்றே.

தலைக்கவசம் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லோரும் அறிந்ததே. நாட்டில் 2022-இல் இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் சென்றோர் 74,897 பேர். அவ்வாண்டு தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் 2015 ஜூலை முதல் நம் மாநிலத்தில் அது கட்டாயமாயிற்று. இருந்தும் நம் மாணவர்களுடைய கவசம் பெட்ரோல் டாங்கின் மேலேயே பயணம் செய்கிறது. சோதனை நடக்கும் திருப்பத்தில் மட்டும் தலைக்கு ஏறுகிறது. மதுக்கடைகளின் கதையோ வேடிக்கையானது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. சிற்றூர்களுக்கு அது பின்னர் 220 மீட்டராயிற்று. சில மாநிலங்களில் கடையை நகர்த்துவதற்குப் பதிலாகச் சாலையின் பெயரை மாற்றிவிட்டார்கள். நெடுஞ்சாலை ஒரே இரவில் உள்ளூர்ச் சாலையாயிற்று. கடை இருந்த இடத்திலேயே இருந்தது.

அடிபட்ட பிறகு

மாநிலத் திட்டம் நன்கு வேரூன்றிய பகுதி இது என்பது என் கருத்து. 108 ஊர்தி 2008-இல் நம் மாநிலத்தில் ஓடத் தொடங்கியது. அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் சாட்சிக்கு அலைய வேண்டும் என்ற அச்சத்தை 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நெறிமுறைகளும், பின்னர் 2019 திருத்தச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் நீக்கின. உதவியவர் விரும்பினாலன்றிப் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்–நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவர் ஆயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. தொடங்கியபோது இதற்கு ஒரு லட்சம் ரூபாய் உச்சவரம்பு. என் மாணவனின் தந்தை நெசவுத் தொழிலாளி. முதல் இரண்டு நாட்களில் அவரிடம் எவரும் பணம் கேட்கவில்லை என்பதை நான் நேரில் கண்டேன். அந்த இரவில் அவர் பணத்துக்காக அலையாமல் மகன் அருகே இருக்க முடிந்தது.

எங்கள் வாயில்

அவன் மறைவுக்குப்பின் எங்கள் துறை மாணவர்கள் ஒரு பெரிய கணக்கு நோட்டு வாங்கினார்கள். வாயிலுக்கு இருபுறமும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் நிகழும் விபத்துகளை மட்டுமன்றி, நூலிழையில் தப்பியவற்றையும் அதில் எழுதினார்கள். தேநீர்க் கடைக்காரரும், பஞ்சர் ஒட்டுபவரும் தகவல் தந்தார்கள். இரண்டு மாதத்தில் ஒன்று தெளிவாயிற்று. மாலை ஆறு முதல் ஏழு வரை, மேற்கேயிருந்து வரும் வண்டிகளுக்கு எதிரே, நடுத்திட்டின் இடைவெளியில்தான் பெரும்பாலானவை நிகழ்ந்தன. ஏன் அங்கே கடக்கிறார்கள்? பேருந்து அதற்கு நேரே நிற்கிறது. சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது. அது முக்கால் கிலோமீட்டர் தள்ளி. முக்கால் கிலோமீட்டர் நடந்து சென்று கடந்து, மீண்டும் முக்கால் கிலோமீட்டர் திரும்பி வந்து பேருந்து ஏறுபவர் எவரும் இலர். நானும் ஏறியதில்லை.

நோட்டின் படியோடு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினோம். மூன்றாம் மாதம் அலுவலர்கள் நாடாவோடு வந்து அளந்தார்கள். ஓர் இளம் பொறியாளர் நோட்டை நின்றபடியே முழுவதும் படித்தார். பின்னர் இடைவெளியை அடைத்தார்கள். மாணவர்கள் அடைப்பின்மேல் ஏறிக் குதித்தார்கள். அதையும் நோட்டில் எழுதி மீண்டும் அனுப்பினோம். சாலையின் குறுக்கே தடதடக்கும் வெள்ளைப் பட்டைகள் வந்தன. விளக்கு வந்தது. பேருந்து நிறுத்தத்தைச் சுரங்கப்பாதை அருகே மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குப் போய், இப்போது மூன்றாவதில் இருக்கிறது. நோட்டு இப்போது முதலாம் ஆண்டு மாணவர்களிடம்.

காவல் நிலையத்துக்கும் ஒருநாள் சென்று கேட்டேன். எழுத்தர் பதிவைத் திறந்து காட்டினார். பிரிவு மாற்றப்பட்டிருந்தது, மாத அறிக்கையும் திருத்தி அனுப்பப்பட்டிருந்தது. அவன் இறந்தோர் பத்தியில் இருக்கிறான். அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்று அவன் தாயாரிடம் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. தறியின் அருகே அமர்ந்திருந்த அந்த அம்மையார் சற்று நேரம் கழித்து, "அந்த எடத்துல லைட்டு போட்டாங்களா சார்?" என்று கேட்டார்.

போட்டிருக்கிறார்கள் என்றேன். ஆறு மணிக்கெல்லாம் எரிகிறதா என்று கேட்டார். எரிகிறது என்றேன்.